ஆறு மணி நேரத்தில் கோலாலம்பூர்



வெளிநாடு செல்வோர், ஒரு விமானத்திலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறுவதற்குள் பல மணி நேரம் இடைவழியில் காத்திருக்க நேர்வது உண்டு. அந்நேரத்தை விமான நிலையத்து நாற்காலியில் உறங்கிக் கழிப்போர் பலர். கடைகளைச் சுற்றிப் பார்த்துக் கழிப்போர் சிலர். வெளியே சென்று நகரைக் கண்டு மீள்வோர் மிகச் சிலரே. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எனக்கு அத்தகைய வாய்ப்பு ஒன்று கிடைத்தது. மெல்போர்ன் நகரில் வாழும் என் மகளைக் காணச் சென்னையிலிருந்து புறப்பட்ட நான், மலேசியத் தலைநகராகிய கோலாலம்பூரில் 11 மணி நேரம் தங்க வேண்டியிருந்தது. அந்த இடைவேளையில் கண்டதையும் கருதியதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையம் என் ஊர். ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றி, தலைமை ஆசிரியனாக ஓய்வு பெற்றவன். நிலநூல் பாடத்தில் நாடுகளையும் தலைநகரங்களையும் மாணவர்க்கு மனப்பாடம் செய்விப்பது அக்கால வழக்கம். மலேசியாவின் தலைநகர் எது என்று கேட்டால் ஐம்பது குரல்கள் ஒன்றாக ‘கோலாலம்பூர்’ என்று முழங்கும். ஒருநாள் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அந்த ஊர்ல என்ன இருக்கு?” என்று கேட்டான். படத்திலே ஒரு புள்ளி இருக்கிறது என்பதற்கு மேல் சொல்ல எனக்கு அன்று ஒன்றும் இல்லை. அவனை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த நாட்டுக்குச் சென்றுவிட்டேன். அந்தக் கேள்விக்கு விடை தேட எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பதினொரு மணி நேரம் என்பது கேட்பதற்குப் பெரிது. கழித்துப் பார்த்தால் சிறிது. குடிநுழைவுச் சோதனைக்கு ஒரு மணி. நகருக்குச் சென்று திரும்பும் ரயிலுக்கு ஒரு மணி. அடுத்த விமானத்துக்கு முன் நிலையத்தில் இருக்க வேண்டியது மூன்று மணி. எஞ்சியது ஆறு மணி நேரம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே மலேசியாவுக்குள் செல்லலாம். 2026 இறுதி வரை இச்சலுகை நீட்டிக்கப்பட்டது. ஆயினும் வருகை அட்டை ஒன்றினைப் பயணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். பெட்டி நேரே அடுத்த விமானத்துக்குச் செல்லுமா என்பதைச் சென்னையிலேயே கேட்டுத் தெளிய வேண்டும். இவ்விரண்டையும் செய்யாதவர் வாயிலிலேயே பாதி நேரத்தை இழப்பர்.

விமான நிலையம் நகருக்குள் இல்லை. சுமார் 57 கிலோமீட்டர் தொலைவில், செப்பாங் என்னுமிடத்தில் 1998-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கிருந்து விரைவு ரயில் 28 நிமிடங்களில் நகரின் மையத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. சன்னலோரம் அமர்ந்து பார்த்தேன். வரிசை வரிசையாக எண்ணெய்ப் பனைகள் ஓடின. ஒரு காலத்தில் மலாயாவின் பெருஞ்செல்வமாக விளங்கியது ரப்பர். பனை அந்த இடத்தைப் பின்னர்ப் பிடித்துக் கொண்டது. அம்மரங்களைக் கண்டதும் எங்கள் குடும்பத்துப் பழைய கதை நினைவில் எழுந்தது.

என் தாத்தாவுக்குத் தமையனார் ஒருவர் இருந்தார். 1928-ஆம் ஆண்டு, மழை பொய்த்த ஒரு கோடையில், ஊருக்கு வந்த கங்காணி ஒருவரோடு அவர் மலாயாவுக்குப் புறப்பட்டார். அந்நாளில் எங்கள் பகுதி தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. தஞ்சை, திருச்சி, சேலம், வடஆர்க்காடு ஆகியவற்றோடு தென்னார்க்காடும் மலாயாத் தோட்டங்களுக்கு ஆயிரக்கணக்கானோரை அனுப்பியது. அவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவும் வேலை கிடைத்தது. ஊரில் அவருடைய மனைவி இருந்தார். எங்கள் ஊர் வழக்கில் அவரைப் பெரிய ஆயா என்று அழைப்போம். மாதம் தவறினாலும் ஆண்டு தவறாமல் கடிதமும் பணமும் வந்தன. 1941-ஆம் ஆண்டின் இறுதியில் கடிதம் நின்றது.

நின்றதற்குக் காரணம் உலகறிந்தது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11-ல் கோலாலம்பூர் வீழ்ந்தது. அதன் பின்னர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்தில் ரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவரை ஜப்பானியர் கொண்டு சென்றனர். காய்ச்சலும் வாந்திபேதியும் பசியும் அவர்களை வாரிக்கொண்டன. அப்பாதையில் மாண்ட போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இன்றும் உண்டு. தோட்டத்துத் தொழிலாளரின் பெயர்களை எழுதிவைத்தார் இல்லை. எங்கள் பெரிய தாத்தா அங்கே சென்றாரா, தோட்டத்திலேயே இறந்தாரா, வேறு எங்கேனும் வாழ்ந்தாரா என்பது யாருக்கும் தெரியாது.

நான் ஆறாம் வகுப்புப் படித்த காலத்தில், பெரிய ஆயா என்னை அழைத்துக் கடிதம் எழுதச் சொல்வார். அஞ்சலகத்தில் வாங்கிய நீலநிற ஏரோகிராம் தாளில், தோட்டத்தின் பழைய முகவரியை அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன். “இந்தக் கடுதாசி எத்தனை நாள்ல போகும்?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். பத்து நாள் என்பேன். பதினோராம் நாளிலிருந்து தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் அமர்ந்திருப்பார். மறுமொழி வந்ததே இல்லை. ஆயினும் நெற்றியிலே குங்குமமும் கழுத்திலே தாலியும் நீங்காமல் 1976-ஆம் ஆண்டு அவர் மறைந்தார். ஊர்க் கோவிலில் அர்ச்சனை செய்யும்போதெல்லாம் கணவர் பெயரையே முதலில் சொல்லுவார். ஆறு மணி நேரத்தில் கோலாலம்பூரில் எதைப் பார்ப்பது என்று எண்ணியபோது, அவர் நினைவே எனக்கு வழிகாட்டியது. இந்த நகரை ஆக்கியவர் யார் என்று தெரிவிக்கும் இடங்களையே காண்பது என்று உறுதி செய்தேன்.

நகர ரயிலில் ஏறி முதலில் ஜாமிக் பள்ளிவாசல் அருகே இறங்கினேன். அங்கே கோம்பாக், கிள்ளான் என்னும் இரு ஆறுகள் ஒன்று சேர்கின்றன. கோலாலம்பூர் என்ற பெயருக்குச் சேறு நிறைந்த கூடல் என்று பொருள் கூறுவர். நம் கல்வராயன் மலையிலிருந்து மழைக்காலத்தில் இறங்கிவரும் ஓடைகளைப் போன்றே அந்நீரும் செந்நிறமாய்க் கலங்கி ஓடிற்று. 1857-ஆம் ஆண்டு வெள்ளீயம் தேடி 87 சீனத் தொழிலாளர் இவ்வழியே படகில் வந்தனர் என்றும், காட்டுக் காய்ச்சலால் ஒரு மாதத்துக்குள் அவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர் என்றும் வரலாறு கூறுகிறது. எஞ்சியோர் இட்ட குடிசைகளே இந்நகரத்தின் தொடக்கம். 1880-ல் சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகர் கிள்ளானிலிருந்து இங்கே மாறியது. கூடலின் நடுவே 1909-ல் கட்டிய பள்ளிவாசல் செங்கல்லும் வெண்சாந்துமாய்த் தென்னைகளுக்கிடையே அழகாக நிற்கிறது.

சிறிது தூரம் நடந்தால் விடுதலைச் சதுக்கம். பசும்புல் வெளியின் ஒருபுறம், 1897-ல் எழுந்த சுல்தான் அப்துல் சமது மாளிகை மணிக்கூண்டோடு ஓங்கி நிற்கிறது. செம்புக் கவிகைகளும் வளைவுகளும் நம் சென்னை உயர்நீதிமன்றத்தை நினைவூட்டின. 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாவின் கொடி ஏறியது இச்சதுக்கத்தில்தான். நான் சென்றதும் ஆகஸ்டு மாதமாதலால் எங்கும் கொடிகள் பறந்தன. அங்கே நின்று பார்த்தால், 88 அடுக்குகளும் 452 மீட்டர் உயரமும் உடைய இரட்டைக் கோபுரங்களின் முடிகள் தொலைவில் தெரிந்தன. 1998 முதல் 2004 வரை உலகிலேயே உயர்ந்த கட்டடம் என்னும் புகழ் அவற்றுக்கு இருந்தது. அருகே செல்ல ஆவல் எழுந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், தொலைவிலிருந்தே வணங்கிவிட்டுத் திரும்பினேன். குறுகிய நேரத்தில் ஊர் பார்ப்பவன் முதலில் கற்க வேண்டியது, எதை விடுவது என்பதே.

அங்கிருந்து கால் மணி நேர நடையில் துன் எச். எஸ். லீ தெரு வந்தது. மல்லிகை மணம் முதலில் வந்தது. பின்னர் ஐந்து நிலைக் கோபுரம் தெரிந்தது. அதுவே மகா மாரியம்மன் கோவில். 1873-ஆம் ஆண்டு தம்புசாமிப் பிள்ளை என்பவர் தம் குடும்ப வழிபாட்டுக்காக இதனை நிறுவினார். சிங்கப்பூரில் பிறந்த தமிழராகிய அவர், சிலாங்கூர் அரசில் உயர்பதவி வகித்தவர். 1920-களின் பிற்பகுதியில் கோவில் பொதுமக்கள் வழிபாட்டுக்குத் திறந்துவிடப்பட்டது. தைப்பூசத்துக்கு முன் வெள்ளித்தேர் புறப்பட்டுப் பத்துமலைக்குச் செல்வது இங்கிருந்துதான்.

வாயிலில் பூ விற்ற அம்மையார் என்னை நோக்கி, “ஊர்லேருந்து வந்தீங்களா?” என்று கேட்டார். ஊர் என்றால் அவர்களுக்குத் தமிழ்நாடு. நூறாண்டு கடந்தும் அச்சொல் மாறவில்லை. உள்ளே அர்ச்சனைச் சீட்டு வாங்கிக்கொண்டு நின்றேன். அருச்சகர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். என்னையும் அறியாமல் பெரிய தாத்தாவின் பெயரைச் சொல்லிவிட்டேன். நட்சத்திரம் எனக்குத் தெரியாது. உயிரோடிருந்தால் அவருக்கு வயது நூற்றுக்கு மேல் ஆகியிருக்கும். இறந்தவர்க்கு அர்ச்சனை செய்யும் வழக்கம் இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது. ஆனால் அவர் இறந்தார் என்று எங்கள் வீட்டில் எவரும் ஒருநாளும் சொன்னதில்லையே! தயங்கி நின்ற என்னைப் பார்த்து அருச்சகர், “ஊர்ப் பெயராவது சொல்லுங்கள்” என்றார். நைனார்பாளையம் என்றேன். அப்பெயரோடு அவர் மந்திரத்தைத் தொடர்ந்தார்.

தூணருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தந்தையும் தென்னார்க்காட்டிலிருந்து வந்தவராம். அருகே அழைத்து விவரம் கேட்டார். நான் சொன்னதைக் கேட்டு முடித்துச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “சயாமுக்குப் போனவங்க பேரை எங்க போயித் தேடுவீங்க? எங்க பெரியப்பாவையே நாங்க தேடித் தேடி விட்டுட்டோம்” என்றார். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அது மறைந்து அவ்விடத்தில் வீடுகள் எழுந்துவிட்டன என்றார். நான் தேடி வந்த முகவரி அத்துடன் முடிந்தது.

ஆனால் அவர் மற்றொன்றும் சொன்னார். அவருடைய பேத்தி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மலேசியாவில் இன்றும் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அரசின் கல்வி முறைக்குள் நடைபெறுகின்றன. அவற்றுள் பல தோட்டங்களில் பிறந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. கொட்டகையில் தொடங்கிய அப்பள்ளிகளின் வழியே மொழி நிலைத்தது. முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு, தனிநாயகம் அடிகளின் பெருமுயற்சியால் 1966 ஏப்ரலில் நடைபெற்றதும் இதே கோலாலம்பூரில்தான். பால்மரம் சீவச் சென்றவர்களின் நகரம் நம் மொழிக்கு உலக அரங்கம் அமைத்துக் கொடுத்தது! என் மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவன்றோ என்று நினைத்தேன்.

எஞ்சிய நேரத்தில் ரயிலேறிப் பத்துமலை சென்றேன். நகரின் நடு நிலையத்திலிருந்து மலையடி வரை வண்டி செல்கிறது. மலாய் மொழியில் ‘பத்து’ என்றால் கல். நம்மவர் காதுக்கு அது எண்ணாக ஒலித்தது. பத்துமலை என்றே நிலைத்துவிட்டது. சுண்ணாம்புக் கல் மலையின் குகையில் முருகனை வழிபடும் முறையை 1890-களின் தொடக்கத்தில் ஏற்படுத்தியவரும் தம்புசாமிப் பிள்ளையே. 1892 முதல் அங்கே தைப்பூசம் நடைபெற்று வருகிறது. மலையடியில் 140 அடி உயர முருகன் திருவுருவம் 2006-ல் எழுந்தது. பக்கத்திலே 272 படிகள். முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல், குரங்குகளுக்கு அஞ்சிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நின்று நின்று ஏறினேன். மேலே குகையின் கூரை வானளாவ உயர்ந்து, ஒரு திறப்பின் வழியே வெளிச்சம் இறங்குகிறது.

அத்திருவுருவை வடித்த சிற்பியே பிற்காலத்தில் நம் பகுதிக்கு வந்தார் என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். ஆத்தூருக்கு அப்பால், ஏத்தாப்பூர் அருகே புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி உயரத்தில் நிற்கும் முத்துமலை முருகனும் அவர் கைவண்ணமே. அதன் குடமுழுக்கு 2022 ஏப்ரல் 6-ல் நடைபெற்றது. எங்கள் ஊரிலிருந்து சேலம் செல்லும்போதெல்லாம் அதனை வணங்கிச் செல்வேன். நம் மக்கள் முருகனைக் கடல் கடந்து கொண்டு சென்றனர். அவன் அங்கே பெருவடிவம் எடுத்து நம் நாட்டுச் சாலையோரத்துக்குத் திரும்பி வந்தான். சென்ற மனிதர்கள்தாம் பலர் திரும்பவில்லை.

உரிய நேரத்தில் விமான நிலையத்துக்கு மீண்டேன். சென்னையிலிருந்து கோலாலம்பூர் வர எனக்கு நான்கு மணி நேரமே ஆயிற்று. பெரிய தாத்தாவுக்கு ஒரு வாரக் கடற்பயணம். கப்பலின் மேல்தளத்தில் வெயிலும் சாரலும் பட்டுக் கிடக்க வேண்டும். துறையில் இறங்கியதும் தனிமை முகாமில் அடைபட வேண்டும். அவர் கோலாலம்பூரைக் கண்டாரோ இல்லையோ, நான் அறியேன். அவரைப் போன்றோர் வெட்டிய காடும் இட்ட பாதையும் எழுப்பிய கோவிலும் தொடங்கிய பள்ளியும் அந்நகரில் உள்ளன என்பதைக் கண்ணாரக் கண்டேன். பெரிய ஆயா இருந்திருந்தால், “கடுதாசி போய்ச் சேர்ந்துச்சா?” என்று கேட்டிருப்பார். முகவரி இல்லை, ஊர்ப் பெயர் மட்டும் சேர்ந்தது என்று சொல்லியிருப்பேன்.

நேயர்களுக்கு இரண்டு வேண்டுகோள். வெளிநாட்டில் இடைவழியில் சில மணி நேரம் கிடைத்தால் அதனை வீணாக்காதீர்கள். எல்லாவற்றையும் பார்க்கவும் முயலாதீர்கள். ஒரே ஒரு கேள்வியோடு வெளியே செல்லுங்கள். அக்கேள்விக்கு விடை தரும் இரண்டு மூன்று இடங்களைக் கண்டு திரும்புங்கள். மற்றொன்று இதனினும் முதன்மையானது. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் மலாயாவிலிருந்தோ பர்மாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த கடிதம் ஒன்று இருக்கலாம். வீட்டு முதியவர் நினைவில் ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கலாம். சென்றவர் பெயர், பிறந்த ஊர், சென்ற ஆண்டு, இருந்த தோட்டம், இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் அப்படி எழுதிவைக்கவில்லை. நட்சத்திரம் கேட்டபோது நான் விழித்து நின்றதற்கு அதுவே காரணம்.